மலையிலிருந்தே ஆய்வு: கட்டணமில்லா இணையச் சான்றுகள் பற்றி வாசகர் கேள்வி – பதில்

நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் சமூக அறிவியல் ஆய்வு தொடர்பாக வந்த கடிதங்களே இந்த இதழின் கேள்வி–பதில் பகுதியை நிறைத்திருக்கின்றன. சென்னையிலோ மதுரையிலோ உள்ள பெரிய நூலகம் ஒன்றுக்குப் போய்வருவதே ஒரு செலவாகவும் சிரமமாகவும் இருக்கும் மாணவர்கள், கட்டணமின்றி இணையத்தில் கிடைப்பவை எவை, அவற்றை எந்த அளவுக்கு நம்பலாம் என்று கேட்டிருக்கிறார்கள். இணைய முகவரிகள் அடிக்கடி மாறுவதால் தளங்களின் பெயர்களை மட்டும் தருகிறேன். பெயரைத் தேடுபொறியில் இட்டால் தளம் கிடைத்துவிடும்.

கேள்வி: சிறு தேயிலைத் தோட்டங்களில் உழைக்கும் பெண்களைப் பற்றி முதுகலை ஆய்வேடு எழுதுகிறேன். ஆய்விதழ்க் கட்டுரை ஒன்றைத் திறக்கவே ஆயிரக்கணக்கில் பணம் கேட்கிறார்கள். பணம் செலுத்தாமல் முறையாகப் படிக்க வழி உண்டா? எங்கிருந்து தொடங்குவது? – சமூகவியல் மாணவி, கோத்தகிரி

பதில்: நீங்கள் படிப்பது அரசுக் கல்லூரி என்றால் முதலில் அதன் நூலகரைப் பாருங்கள். 2025 ஜனவரி 1 முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' என்னும் ஒன்றிய அரசின் திட்டம் நடைமுறையில் இருக்கிறது. 30 வெளியீட்டாளர்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை, நாடெங்கும் உள்ள 6,300க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் மாணவர்களும் ஆசிரியர்களும் படிப்பதற்கான செலவை அரசே ஏற்றிருக்கிறது. இந்த உரிமை தமக்கு இருப்பதை அறியாமலேயே பல மாணவர்கள் படிப்பை முடித்துவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. உங்கள் கல்லூரி பதிவு செய்திருக்கிறதா, வீட்டிலிருந்து நுழைவதற்கான பயனர் பெயர் தருகிறார்களா என்று எழுத்து மூலமாகவே கேளுங்கள்.

கல்லூரி வழியாக வாய்ப்பு இல்லையென்றாலும் கதவு மூடிவிடவில்லை. கூகுள் ஸ்காலரில் ஒரு கட்டுரையின் தலைப்பைத் தேடும்போது அதன் கீழே 'எல்லாப் பதிப்புகளும்' என்ற பொருளில் ஓர் இணைப்பு வரும். வெளியீட்டாளரின் பக்கம் பணம் கேட்டாலும், ஆசிரியர் தம் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் வைத்த படி அந்த இணைப்புக்குள் பலமுறை அகப்படும். அன்பேவால் என்னும் உலாவி நீட்சி இதே வேலையைத் தானாகச் செய்யும். ஜேஸ்டோர் தளத்தில் சொந்தக் கணக்கு தொடங்கினால் மாதத்துக்கு 100 கட்டுரைகள் வரை திரையில் படிக்கலாம். இவை எதிலும் கிடைக்காத கட்டுரைக்கு அதன் ஆசிரியருக்கே மின்னஞ்சல் எழுதுங்கள். தம் எழுத்தைப் படிக்க விரும்பும் மாணவருக்குப் படி அனுப்ப மறுக்கும் ஆய்வாளர்கள் மிகக் குறைவு.

ஆனால் உங்கள் தலைப்புக்கு நான் முதலில் அனுப்ப விரும்புவது ஆய்விதழ்களிடம் அல்ல, சோத்கங்கா களஞ்சியத்திடம். காந்திநகரில் உள்ள இன்ஃபிலிப்நெட் மையம் நடத்தும் இந்தத் தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் லட்சக்கணக்கில் முழுமையாகக் கிடைக்கின்றன. நீலகிரித் தேயிலை, கூட்டுறவுத் தொழிற்சாலைகள், படுகர் சமூகம் ஆகியவை பற்றிய ஆய்வேடுகள் பாரதியார் பல்கலைக்கழகம் முதலான இடங்களிலிருந்து அங்கே சேர்ந்திருக்கின்றன. அவற்றின் தரம் ஒன்றுபோல் இருக்காது. முடிவுரையை நம்பி எடுத்தாள்வதைவிட, கள அட்டவணைகளையும் பின்னிணைப்பில் உள்ள வினாப்பட்டியலையும் உற்றுப் படிப்பதே பயன் தரும். உங்களுக்கு முன்னே யார் எந்த ஊரில் என்ன கேட்டார்கள் என்பது அப்போது தெளிவாகும்.

எண்களுக்கு வரும்போது உங்கள் தலைப்பில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் 5 எக்டேருக்குக் குறையாத பரப்பும் 15 தொழிலாளருக்குக் குறையாத ஆள்பலமும் கொண்ட தோட்டங்களையே தன் வரம்புக்குள் கொண்டது. ஆகவே அந்தச் சட்டத்தை அடியொற்றித் திரட்டப்பட்ட தோட்டத் தொழிலாளர் புள்ளிவிவரங்களில், ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கரில் பச்சைத் தேயிலை பறிக்கும் பெண்கள் இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் போனால் அங்கே வேறொரு சிக்கல் காத்திருக்கிறது. அதன் வரையறைப்படி தேயிலை, காபி, ரப்பர், தென்னை, பாக்கு ஆகியவற்றைப் பயிரிடுவது 'விவசாயம்' ஆகாது; அவற்றில் ஈடுபடுவோர் 'பிற தொழிலாளர்' என்ற பெரும் பிரிவுக்குள், அலுவலக ஊழியரோடும் கடைக்காரரோடும் சேர்ந்துவிடுகிறார்கள். நீலகிரியின் அட்டவணையில் 'பிற தொழிலாளர்' விகிதம் உயர்ந்திருப்பதைப் பார்த்து மாவட்டம் வேளாண்மையைக் கைவிட்டுவிட்டது என்று எழுதுவது எவ்வளவு எளிது, எவ்வளவு தவறு என்பதை எண்ணிப்பாருங்கள். பச்சைத் தேயிலையின் மாதச் சராசரி விலைக்குத் தேயிலை வாரியத்தின் அறிவிப்புகளும் குன்னூர் ஏல நிலவரமும் இணையத்தில் கிடைக்கும். பெண்களின் உழைப்பு நேரத்துக்கு 2019, 2024 ஆண்டுகளின் நேரப் பயன்பாட்டு ஆய்வு மாநில அளவில் ஒரு பின்னணியைக் கொடுக்கும். தோட்டத்துக்குள் நடப்பதை நீங்கள்தான் கேட்டு எழுத வேண்டும்; உங்கள் ஆய்வேட்டின் மதிப்பும் அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: எங்கள் வட்டாரத்துப் பழங்குடியினரின் எண்ணிக்கையைச் சமூகம் சமூகமாக, ஊர் ஊராக அறிய விரும்புகிறேன். ஒவ்வொரு கட்டுரையும் ஒவ்வொரு எண்ணைச் சொல்கிறது. எதை நம்புவது? – பள்ளி ஆசிரியர், கூடலூர்

பதில்: இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே எழுத வேண்டும்.

இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகத்தின் தளத்தில் 2011 கணக்கெடுப்பின் அட்டவணைகள் அனைத்தையும், பழைய கணக்கெடுப்புகளின் தொகுதிகள் பலவற்றையும் எவரும் இறக்கிக்கொள்ளலாம். கிராம அளவில் தேவையென்றால் 'முதன்மைக் கணக்கெடுப்புச் சுருக்கம்' என்பதையும், 'மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடு' என்பதன் இரண்டு பகுதிகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன்படி 2011இல் நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 7,35,394. அவர்களுள் பட்டியல் பழங்குடியினர் 32,813 பேர். கிராம அட்டவணை இதைவிடப் பிரித்துத் தராது. ஒரு கிராமத்தில் பழங்குடியினர் மொத்தம் எத்தனை பேர் என்று சொல்லுமே தவிர, அவர்களுள் பணியர் எத்தனை, காட்டுநாயக்கர் எத்தனை என்று சொல்லாது. மேலும் அங்கே 'கிராமம்' என்பது வருவாய்க் கிராமம். கூடலூர், பந்தலூர் வட்டங்களில் ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் தோட்டங்களும் சிறு குடியிருப்புகளும் எத்தனை அடங்கும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சமூகவாரியான எண்ணிக்கைக்கு ஏ-11 என்ற அட்டவணையும் அதன் மாவட்டப் பின்னிணைப்பும் இருக்கின்றன. 2011இல் தமிழ்நாடு முழுவதற்கும் அது தரும் எண்களைப் பாருங்கள்: தோடர் 2,002, குறும்பர் 6,823, பணியர் 10,134, காட்டுநாயக்கர் 46,672, இருளர் 1,89,661, கோத்தர் 308. இந்த ஆறு சமூகத்தாரும் குறிப்பாக நலிவுற்ற பழங்குடிகளாக அரசால் வகைப்படுத்தப்பட்டவர்கள் என்பதால் இந்த எண்கள் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. இரண்டு எண்களில் மட்டும் சற்று நில்லுங்கள். காட்டுநாயக்கர் 46,672 என்பது மாநிலம் முழுவதும் அந்தப் பெயரில் பதிவானவர்களின் தொகை. சமவெளி நகரங்களில் வாழ்வோரும் அதில் அடங்குவர். அதனை முதுமலையைச் சுற்றித் தேன் எடுத்து வாழும் மக்களின் தொகையாக எழுதும் கட்டுரைகள் உங்களைத் தவறான வழியில் கொண்டுபோகின்றன. கோத்தர் 308 என்பது அதைவிடக் கவனிக்கத்தக்கது. கோத்தருக்கு நீலகிரியில் ஏழு ஊர்கள் இருக்கின்றன. அவற்றுள் ஓரிரண்டில் நடந்து பார்த்தவர் எவரும் அந்த எண்ணை ஏற்க மாட்டார். வேறொரு பெயரின் கீழோ வேறொரு குறியீட்டின் கீழோ பலர் பதியப்பட்டிருக்க இடமுண்டு. 'கோத்தர் சில நூறு பேராகச் சுருங்கிவிட்டனர்' என்று அந்த எண்ணை மட்டும் வைத்து எழுதிவிட்டால், அந்த வரி பத்துக் கட்டுரைகளுக்குப் போகும். ஒரு சமூகத்தைத் தாளில் அழித்த பொறுப்பு எழுதியவரைச் சேரும்.

பட்டியலின் வாசகத்தையும் படிக்க வேண்டும். தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் குறும்பர் என்ற பதிவு 'நீலகிரி மாவட்டத்தில்' என்ற வரையறையோடு இருக்கிறது. ஆலு, பெட்ட, முள்ளு, ஜேனு என்று குறும்பருக்குள் நீங்கள் அறிந்த உட்பிரிவுகளுக்கு அதில் இடமில்லை. பழனி மலையை ஆராய்வோர்க்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: பளியர் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள், புலையரோ பட்டியல் சாதியில் வைக்கப்பட்டிருக்கிறார்கள், ஆதலால் பழங்குடி நிரலை மட்டும் கூட்டினால் பழனி மலையின் தொல்குடிகளில் ஒரு பகுதியினர் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

மொழியைக் கொண்டு சமூகத்தை எண்ணும் முயற்சியும் பலர் செய்வதுதான். சி-16 என்னும் தாய்மொழி அட்டவணையில் படுகு மொழி 1,33,550 பேருக்குத் தாய்மொழியாகப் பதிவாகியிருக்கிறது. ஆனால் அது கன்னடத்தின் கீழ் ஓர் உட்பிரிவாக வைக்கப்பட்டிருப்பதால், மாவட்டத்தின் மொழிச் சுருக்கத்தை மட்டும் பார்ப்பவர் நீலகிரியில் கன்னடர் மிகுதி என்று முடிவு கட்டிவிடுவார். நாடு முழுவதும் 10,000 பேருக்குக் குறைவாகப் பேசும் தாய்மொழிகள் தனியாக அச்சிடப்படுவதில்லை. 'பிற' என்ற நிரலில் சேர்க்கப்படுகின்றன. தோட மொழியையும் கோத்த மொழியையும் தேடி அட்டவணையில் காணாமல் திகைக்கும் மாணவர்களுக்குக் காரணம் இதுவே.

2011க்குப் பின் கணக்கெடுப்பு எதுவும் நடந்து முடியவில்லை. அடுத்ததற்கு 2027 மார்ச் 1 குறிப்பு நாளாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதன் விவரங்கள் வெளிவரும்வரை, பழங்குடியினர் நல அமைச்சகத்தின் எண்ணிமக் களஞ்சியத்தில் உள்ள அறிக்கைகளையும் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். உதகை முத்தோரைப் பாலடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையம் போன்றவற்றின் வெளியீடுகளைத் திரட்டுவதற்காக அமைந்தது அது. உங்கள் பள்ளிப் பிள்ளைகளின் ஊர்களையே பெயர் குறித்துக் கணக்கெடுக்க முடியுமானால் அந்தப் பட்டியல் எந்த அரசு அட்டவணையையும்விடத் துல்லியமாக இருக்கும்.

கேள்வி: மாவட்டத்தின் வேலையின்மை விகிதத்தைத் தேசிய மாதிரி ஆய்விலிருந்து நானே கணக்கிடலாமா? – பொருளியல் மாணவர், குன்னூர்

பதில்: புள்ளியியல் அமைச்சகத்தின் நுண்தரவுத் தளத்தில் பதிவு செய்துகொண்டால் காலமுறைத் தொழிலாளர் ஆய்வின் வீட்டுவாரித் தரவுகளைக் கட்டணமின்றி இறக்கலாம், கணக்கும் போடலாம். ஆனால் 2024 வரையிலான சுற்றுகளின் மாதிரி, மாநில அளவு மதிப்பீட்டுக்காக வடிவமைக்கப்பட்டது. நீலகிரி போன்ற சிறிய மாவட்டத்துக்கு விழும் வீடுகள் மிகச் சிலவே ஆதலால், இரண்டு குடும்பங்களின் விடை மாறினால் விகிதமே மாறிவிடும். 2025 ஜனவரி முதல் மாதிரி வடிவமைப்பில் மாவட்டம் அடிப்படை அடுக்காக, அதாவது வீடுகளைத் தேர்ந்தெடுப்பதற்கான அடிப்படைப் பிரிவாக, ஆக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தரவைக் கொண்டு முயலுங்கள். அப்போதும் எத்தனை வீடுகளிலிருந்து வந்த எண் என்பதை அடிக்குறிப்பில் எழுதுங்கள். மாவட்ட அளவில் உடல்நலம், குழந்தை வளர்ச்சி பற்றி வேண்டுமென்றால் 2019–21இன் தேசியக் குடும்பநல ஆய்வு மாவட்டத்துக்கென்றே தகவல் தாள் வெளியிட்டிருக்கிறது. கிராம அளவில் பல ஆண்டுகளை ஒப்பிட நினைப்போர் ஷ்ரக் என்னும் தரவுத் தொகுப்பைப் பார்க்கலாம். பல கணக்கெடுப்புகளின் கிராமங்களையும் நகரங்களையும் பொருத்தி இணைத்துத் தரும் அரிய உழைப்பு அது, வணிகமல்லாத பயன்பாட்டுக்கு இலவசம்.

கேள்வி: என் பாட்டனார் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து டான்டீயில் (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) வேலைக்குச் சேர்ந்தவர். தாயகம் திரும்பியோரின் வரலாற்றை எழுத விரும்புகிறேன். ஆவணங்கள் சென்னையிலும் கொழும்பிலும் இருக்கின்றனவாம். பந்தலூரில் இருந்துகொண்டு என்ன செய்யமுடியும்? – வாசகர், பந்தலூர்

பதில்: நிறையவே செய்யமுடியும். இந்த வரலாற்றை அந்தக் குடும்பங்களில் பிறந்தவர்களே எழுத முன்வருவதைக் காண எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

அடிப்படை ஆவணத்திலிருந்து தொடங்குங்கள். 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரிக்கும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவுக்கும் இடையே ஏற்பட்ட உடன்பாட்டின் வாசகத்தை, இந்திய வெளியுறவு அமைச்சகம் இணையத்தில் வைத்துள்ள ஒப்பந்தத் தொகுப்பில் படிக்கலாம். நாடற்றவர்களாக இருந்த ஏறத்தாழ 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் அதில் எழுதப்பட்டது; 1974இல் அந்த எஞ்சியவர்கள் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். லட்சக்கணக்கான மனிதர்களின் வாழ்வு அவர்களைக் கேட்காமலே சில பத்திகளில் முடிவு செய்யப்பட்டதை, அந்த ஆவணத்தை முழுமையாகப் படிக்கும்போதுதான் உணரமுடியும்.

அடுத்து நாடாளுமன்ற எண்ணிம நூலகத்துக்குச் செல்லுங்கள். மக்களவையின் விவாதங்களும் உறுப்பினர் கேள்விகளுக்கு அமைச்சர்கள் அளித்த பதில்களும் தொடக்க காலம் முதலே அங்கே தேடிப் படிக்கக் கிடைக்கின்றன. எத்தனை குடும்பங்கள் வந்தன, எந்தத் திட்டத்தில் குடியமர்த்தப்பட்டன, எவ்வளவு கடன் வழங்கப்பட்டது என்பன போன்ற விவரங்களுக்கு அந்தப் பதில்களைவிடச் செறிவான இடம் இல்லை. தமிழ்நாடு சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளும் படியெடுக்கப்பட்டு இணையத்தில் ஏற்றப்பட்டுள்ளன. டான்டீயைப் பற்றிய கேள்விகளை அங்கே தேடுங்கள். தாயகம் திரும்பியோர்க்காக 1968இல் வனத்துறையின் அரசுத் தேயிலைத் திட்டமாகத் தொடங்கி 1976இல் கழகமான அந்த நிறுவனத்தின் கதை, கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் ஆகிய பகுதிகளின் கதையும் ஆகும்.

மூன்றாவதாகச் சொல்வதை நீங்கள் முதலாவதாகவே கொள்ளலாம். இலங்கைத் தமிழரின் நூல்களையும் இதழ்களையும் செய்தித்தாள்களையும் 2005 முதல் எண்ணிமப்படுத்திவரும் 'நூலகம்' தளத்தில் மலையகத்தைப் பற்றிய சேகரம் பெரிது. தோட்டத் தொழிற்சங்க வெளியீடுகள், மலையக எழுத்தாளர்களின் சிற்றிதழ்கள், மாநாட்டு மலர்கள் ஆகியவை உங்கள் பாட்டனார் கப்பலேறுவதற்கு முன் எந்தப் பேச்சுகளின் நடுவே வாழ்ந்தார் என்பதைக் காட்டும். அரசாங்கத்தின் குரலை விவாதங்களிலும் மக்களின் குரலை இந்தச் சேகரத்திலும் ஒருங்கே வைத்துப் படிக்கும்போது வரலாறு முழுமை பெறும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் வீட்டுப் பெட்டியிலேயே முதன்மைச் சான்று இருக்கக்கூடும். தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டை, இந்தியக் கடவுச்சீட்டு, மண்டபம் முகாம் சீட்டு, கடன் பத்திரம் ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் கைப்பேசியில் படமெடுத்து, எந்த ஆண்டு, யாருடையது, எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்ற குறிப்போடு சேமியுங்கள். வந்த தலைமுறையில் எஞ்சியிருப்போரிடம் பேசிப் பதிவுசெய்யும் வேலையை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். ஆவணங்கள் இணையத்தில் அடுத்த ஆண்டும் இருக்கும்.

கேள்வி: பழனி மலை ஊர்களைப் பற்றிய பழைய நூல்கள் இணையத்தில் உண்டா? நீலகிரியைப் பற்றித்தான் எல்லாம் கிடைக்கிறது. – வரலாற்று மாணவி, மன்னவனூர்

பதில்: உங்கள் குறை நியாயமானது. ஆங்கிலேயர் தங்கள் கோடைத் தலைநகரைச் சுற்றியே அதிகம் எழுதினார்கள். நீலகிரிக்கு 1880இல் கிரிக் எழுதிய மாவட்டக் கையேடு, 1908இல் பிரான்சிஸ் எழுதிய அரசிதழ்த் தொகுதி, தோடரைப் பற்றி 1906இல் ரிவர்ஸ் எழுதிய நூல் என்று இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் வரிசையாகக் கிடைக்கின்றன.

பழனி மலைக்குத் தனி நூலைத் தேடுவதைவிட மதுரையைத் தேடுங்கள். திண்டுக்கல் மாவட்டம் 1985இல்தான் பிரிக்கப்பட்டது. அதற்கு முந்தைய எந்தப் புள்ளிவிவரமும் அறிக்கையும், 1981 கணக்கெடுப்பு உட்பட, மதுரையின் பெயரிலேயே இருக்கும். 1868இல் நெல்சன் எழுதிய மதுரை நாட்டுக் கையேடும், 1906இல் பிரான்சிஸ் எழுதிய மதுரை அரசிதழ்த் தொகுதியும் ஆர்க்கைவில் உள்ளன. மேல்மலை, கீழ்மலை ஊர்களைப் பற்றிய பகுதிகள் அவற்றில் உண்டு. மலையின் கற்றிட்டைகளை (பழங்காலக் கல்லறைகளை) பற்றி ஆங்கிலேட், நியூட்டன் ஆகியோர் எழுதி 1928இல் தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கையையும் தேடிப்பாருங்கள். தேடும்போது இன்றைய எழுத்துக்கூட்டலோடு நின்றுவிடாமல் 'புல்னி', 'பால்னி' என்று அவர்கள் எழுதிய வடிவங்களையும் ஆங்கிலத்தில் இட்டுப் பாருங்கள். படியெடுத்த பக்கங்களின் எழுத்துகளைக் கணினி அடையாளம் கண்டது பிழைபட்டிருப்பதால், நூலுக்குள் தேடலை நம்பாமல் பொருளடைவைத் திறந்து படிப்பதே உறுதி.

இந்த நூல்களைப் படிக்கும் முறை பற்றியும் ஒரு சொல். ரிவர்ஸ் தோடரிடையே 1901–02இல் சில மாதங்களே இருந்தார். மொழிபெயர்ப்பாளர்கள் வழியாகவே பேசினார். அவர் குடும்பக் கொடிவழிகளைத் திரட்டிய முறை மானுடவியலுக்கே வழிகாட்டியாயிற்று என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும். வரி வசூலிக்கவும் ஆட்சி செய்யவும் எழுதப்பட்ட கையேடுகளில் நிலம், விலை, பாதை பற்றிய செய்திகள் பெரும்பாலும் கவனமாகத் தரப்பட்டிருக்கும். மக்களின் குணம் பற்றிய வாக்கியங்கள் எழுதியவரின் குணத்தையே காட்டும்.

தமிழ் மூலங்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் முதன்மையானது. பலரும் கவனிக்காத இன்னொன்று புவிசார் குறியீட்டுப் பதிவகத்தின் இதழ். 2019இல் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டுக்கான விண்ணப்ப விவரம் அதில் வெளியாகியிருக்கிறது. விளையும் ஊர்கள், பயிர்முறை, வரலாற்றுச் சான்றுகள் என்று ஒரு சிறு ஆய்வுரை போலவே அது அமைந்திருக்கும்.

கேள்வி: ஜென்மம் நிலம், யானை வழித்தடம் ஆகியவை பற்றிய சட்டங்களையும் தீர்ப்புகளையும் செய்தித்தாளில் துண்டு துண்டாகத்தான் படிக்கிறோம். மூலத்தை எங்கே படிப்பது? – வாசகி, மசினகுடி

பதில்: 'இந்தியா கோட்' என்ற அரசுத் தளத்தில் ஒன்றிய, மாநிலச் சட்டங்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம். ஜென்மம் எனப்பட்ட பரம்பரை நிலவுரிமை பற்றிய 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜென்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தை அங்கே தேடுங்கள்; குத்தகைத் தோட்டங்களைப் பற்றிய அதன் 17ஆம் பிரிவுதான் இன்றுவரை 'செக்‌ஷன் 17 நிலம்' என்று உங்கள் பகுதியில் பேசப்படுவது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை 2023 முதல் அதன் மின்னணு அறிக்கைத் தொகுப்பில் எவரும் இலவசமாகப் படிக்கலாம். சில தீர்ப்புகளின் தமிழ் மொழிபெயர்ப்பும் அங்கே உண்டு. யானை வழித்தடத் தீர்ப்பின் நாள் 2020 அக்டோபர் 14. கூடலூர்க் காடுகளைப் பற்றி 1995இல் கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று பிறந்த ஆணை, 'காடு' என்பதன் சட்டப் பொருளை நாடு முழுவதற்கும் விரித்தது. இந்த மலையைப் படிக்கும் எந்தச் சமூக ஆய்வாளரும் அதைப் படிக்காமல் இருக்கக் கூடாது. தீர்ப்பின் முடிவை மட்டும் படித்து நிறுத்தாமல், தரப்பினர் வைத்த வாதங்களைத் தொகுத்திருக்கும் பகுதியையும் படியுங்கள். சமூக ஆய்வுக்கான செய்தி அங்கேதான் மிகுதி.

கேள்வி: செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் பத்து நொடியில் மேற்கோள் பட்டியல் தருகிறது. அதைப் பயன்படுத்தலாமா? – இளங்கலை மாணவர், உதகை

பதில்: பட்டியலாக அப்படியே பயன்படுத்தக் கூடாது. இல்லாத கட்டுரையை, இருக்கும் ஆய்விதழின் பெயரோடும் இருக்கும் ஆசிரியரின் பெயரோடும் பொருத்தித் தருவது இந்தச் செயலிகளின் அறியப்பட்ட இயல்பு. ஒவ்வொரு தலைப்பையும் ஆய்வுக் கட்டுரைகளின் பதிவகமான கிராஸ்ரெஃப் தேடலிலோ கூகுள் ஸ்காலரிலோ சரிபாருங்கள், கிடைக்காததை நீக்குங்கள், கிடைத்ததையும் திறந்து படித்த பிறகே எடுத்தாளுங்கள். நீலகிரியின் சிறு சமூகங்களைப் பற்றிக் கேட்கும்போது பிழை இன்னும் மிகுதியாகும், ஏனெனில் அவர்களைப் பற்றி இணையத்தில் எழுதப்பட்டிருப்பது குறைவு. எந்தச் சொற்களால் தேடலாம் என்று கேட்பதற்கும் கடினமான ஆங்கிலப் பத்தியை விளங்கிக்கொள்வதற்கும் அது உதவும்.

கேள்வி: சிக்னல் இல்லாத ஊர்களில் கைப்பேசியில் வினாப்பட்டியல் நிரப்ப வழி உண்டா? ஆய்வு முடிந்தபின் தரவை மற்றவர்களும் பயன்படுத்தும்படி வைக்கலாமா? – ஆய்வு மாணவி, தாண்டிக்குடி

பதில்: கோபோ டூல்பாக்ஸ் தளத்தில் வினாப்பட்டியலைத் தமிழிலேயே அமைத்து, அதன் ஆண்ட்ராய்டு செயலியில் இறக்கிக்கொண்டால், இணையம் இல்லாத இடத்திலும் விடைகளைப் பதியலாம், சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்ததும் அனுப்பலாம். கணக்கீட்டுக்கு பிஎஸ்பிபி, நேர்காணல்களைப் பகுத்து அடையாளமிட டகெட், வரைபடத்துக்குக் கியூஜிஐஎஸ், மேற்கோள்களைச் சேமிக்க ஜோடெரோ ஆகிய அனைத்தும் இலவசம். இவற்றை எல்லாம் ஒரே மாதத்தில் கற்க முயல வேண்டாம். ஜோடெரோவை இன்றே நிறுவுங்கள், மற்றவை தேவை வரும்போது போதும்.

தரவை வைப்பதற்குச் செர்ன் ஆய்வகம் நடத்தும் ஜெனோடோ களஞ்சியம் இருக்கிறது. நிலையான அடையாள எண்ணும் கிடைக்கும். ஆனால் ஏற்றும் முன் ஒன்றைக் கருதிப்பாருங்கள். பெயரை நீக்கிவிட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்பது பெருநகரத்துக்குப் பொருந்தலாம். பன்னிரண்டு வீடுகள் மட்டுமே உள்ள பளியர் குடியிருப்பில் 'வயது 61, கைம்பெண், தேன் எடுப்பவர்' என்ற மூன்று விவரங்களே ஒருவரைச் சுட்டிக்காட்டிவிடும். காட்டுக்குள் எங்கே போய் எதை எடுத்தார் என்ற விடை அவருக்கு வனத்துறையிடம் தொல்லையாகவும் முடியலாம். ஊரின் பெயரை எடுத்துவிட்டு மலைப்பகுதியின் பெயரை மட்டும் வையுங்கள். வயதைப் பத்தாண்டு வீச்சாக மாற்றுங்கள். இடக்குறிப்புகளையும் ஒலிப்பதிவுகளையும் பொதுவில் ஏற்றாமல், கேட்டுப் பெறும் வகையில் பூட்டி வையுங்கள். விடையளிக்கும் முன்பே, 'நீங்கள் சொல்வது பிறரும் படிக்கும்படி வைக்கப்படும், சம்மதமா' என்று தமிழில் கேட்டு அந்தச் சம்மதத்தையும் பதிவுசெய்யுங்கள். ஆய்வின் சுருக்கத்தை நான்கு பக்கத் தமிழில் எழுதி, அதே களஞ்சியத்தில் தரவோடு சேர்த்து ஏற்றுவதோடு, அச்சிட்ட படி ஒன்றை அந்த ஊராட்சியின் நூலகத்திலும் கொடுத்துவிடுங்கள்.